பாரிட் சுலோங்கும் ஒரு விண்ணப்பப் படிவமும்

அந்தத் தாள்கள் மூன்று மாதமாக என் மேசையில் கிடந்தன. ஆஸ்திரேலிய ராணுவத்தின் ரிசர்வ் பிரிவில் சாப்ளினாகச் சேர்வதற்கான விண்ணப்பம். மனைவி அதன்மேல் மளிகைக் கடை ரசீதுகளையும் மின்சார பில்லையும் வைப்பார். நான் அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படிவத்தை மறுபடி பார்ப்பேன். பெயர், பிறந்த இடம், படிப்பு வரைக்கும் எழுதியிருந்தேன். பிறந்த இடம் யோங் பெங், ஜொகூர். அதற்குமேல் பேனா நகரவில்லை.

காரணம் எளிமையானது. போர் பாவம் என்று இருபது வருடமாகப் பிரசங்கம் பண்ணுகிறவன் நான். நியாயமான போர், நியாயமில்லாத போர் என்று பிரித்துப் பேசுகிற இறையியலை சிரம்பானில் படிக்கும்போதே என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2003இல் ஈராக் மீது குண்டு விழுந்த இரவில் விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஜெபம் பண்ணினோம். விடியும்போது, எந்தக் கொலைக்கும் எந்தக் காலத்திலும் ஆமென் சொல்வதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம். இளவயசு வீறாப்பு என்று இப்போது சொல்லலாம். ஆனால் நான் அந்தப் பேச்சை விட்டு விலகியதில்லை. பெர்த்துக்கு வந்த பிறகும் ஏப்ரல் 25ஆம் தேதி அன்ஸாக் நாளில் சபை அறிவிப்பு வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரே ஒரு முறை கிங்ஸ் பார்க் விடியல் வழிபாட்டுக்குப் போனேன். கீழே ஸ்வான் ஆறு இருட்டாகக் கிடந்தது. ஆயிரக்கணக்கான பேர் சத்தமே இல்லாமல் நின்றார்கள். ராணுவ உடையில் ஒரு போதகர் ஜெபித்தார். அவர் சொன்னதில் எதுவும் தவறில்லை. இருந்தும் அந்த உடையோடு அந்த ஜெபத்தை என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

சாப்ளின் என்பதற்குத் தமிழில் நமக்கு ஒட்டுகிற சொல் இல்லை. படைக்குரு, ராணுவப் போதகர் என்று சொல்லிப் பார்த்தேன், எதுவும் வாயில் நிற்கவில்லை. மலேசிய ராணுவத்தில் காகாட் என்கிற சமயப் பிரிவு இருப்பது நமக்குத் தெரியும். அது இஸ்லாமியப் பணிக்கானது. அதனால் தேவாலயத்துக்குப் போகிற தமிழர்கள் யாரும் ‘எங்க பாஸ்டர் ஆர்மிக்குப் போறாரு’ என்று சொல்லிக் கேட்டிருக்க வழியில்லை. என் சபையில் இந்தச் செய்தி கசிந்தபோது ஒரு பெரியவர், “ஏன் பாஸ்டர், சம்பளம் பத்தலையா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

வேலை இதுதான். சாப்ளின் அதிகாரியாகச் சேர்கிறார், தோளில் கேப்டன் பதவிக்கான நட்சத்திரங்கள். ஆனால் யாருக்கும் போர்க்களத்தில் கட்டளையிடுவதில்லை. ஜெனிவா ஒப்பந்தங்களின்படி அவர் போரிடாதவர். மருத்துவர்களைப்போல அவருக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. பிடிபட்டாலும் சட்டப்படி அவர் போர்க் கைதி ஆகமாட்டார், கைதிகளுக்கு ஊழியம் செய்வதற்காக வைத்துக்கொள்ளப்படுகிறவர். அவரே துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதையெல்லாம் படித்தபோது மனம் கொஞ்சம் சமாதானமானது. அப்புறம் அந்தப் பிரிவின் சின்னத்தைப் பார்த்தேன். ‘இந்த அடையாளத்தால் வெற்றிகொள்’ என்று எழுதியிருக்கிறது. கி.பி. 312இல் ரோமுக்கு வெளியே மில்வியன் பாலத்துச் சண்டைக்கு முன் கான்ஸ்டன்டைன் கண்டதாகச் சொல்லப்படும் தரிசனத்திலிருந்து வந்த வாசகம். அதுவரைக்கும் பேரரசின் கையால் செத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் பேரரசின் கொடிக்குக் கீழே வந்து நின்ற இடம் அது என்பது என் கட்சி. என் பிரசங்கங்களில் அந்தப் பாலத்தை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இப்போது அதையே தொப்பியில் குத்திக்கொள்ள வேண்டும்.

இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு காரில் இருந்து.

சபையில் ஒரு பையன். பையன் என்கிறேன், முப்பத்தைந்து வயதாகிறது. அப்பா அம்மா ஈப்போக்காரர்கள், அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஆப்கானிஸ்தானுக்குப் போய் வந்தவன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வந்து பின்வரிசையில் கதவோரம் உட்காருவான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கார் நிறுத்துமிடத்துக்குக் கூப்பிட்டான். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் பேசினான். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத முடியாது, அது அவனுக்கும் எனக்கும் இடையில். ஆனால் கடைசியில் அவன் சொன்ன ஒன்றை எழுத அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

“பாஸ்டர், எங்க ஆளுங்ககிட்ட சொன்னா, நீ பண்ணது சரிதான், விடுன்னு சொல்வாங்க. சைக்காலஜிஸ்ட்கிட்ட சொன்னா, அது உன் தப்பில்லம்பாங்க. நீங்க ஒருத்தர்தான் இது தப்புன்னு சொல்ற ஆளு. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. என் கொள்கை யாருக்காவது இப்படிப் பயன்படும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது என்னைச் சுத்தமாக வைத்துக்கொள்கிற ஒன்றாகத்தான் இருந்தது, வெள்ளை வேட்டி மாதிரி. இவன் அதில் வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அங்க இருந்தப்ப சாப்ளின் யாரும் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருந்தாரு. நல்ல மனுஷன். ஆனா அவரு எங்க பக்கம்.”

அன்றிரவு தூக்கம் வரவில்லை. படைவீரர்களின் தற்கொலைகளை விசாரித்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கையைக் கொடுத்திருந்தது. 1997க்கும் 2021க்கும் இடையில், பணியில் இருந்தவர்களும் விலகியவர்களுமாகக் குறைந்தது 1,677 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆப்கானிஸ்தான் போரில் இறந்த ஆஸ்திரேலிய வீரர்கள் 41 பேர். இன்னொரு அறிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டேன். 2020 நவம்பரில் வந்த பிரெரெட்டன் அறிக்கை. ஆஸ்திரேலியச் சிறப்புப் படையினரால் 39 ஆப்கானியர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தக்க தகவல் இருக்கிறது என்கிறது அது. ஒன்று செத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றியது, மற்றது கொன்றவர்களைப் பற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எங்கே நிற்பது என்று தெரியாமல் போகிறது.

ஈப்போவில் ஊழியம் செய்கிற நண்பனுக்கு போன் போட்டேன். 2003இல் அந்த விடுதி அறையில் இருந்த நால்வரில் ஒருவன். அவன் சுற்றி வளைக்கவில்லை.

“வொர்க்‌ஷாப்ல லோரிய பழுது பார்க்கிற மாதிரிடா அது. உடைஞ்சு வர்ற பசங்கள சரி பண்ணி மறுபடியும் லைன்ல விடறதுதான் உன் வேல. உனக்கு சம்பளம் குடுக்கிறவன் அதுக்குத்தான் குடுக்கிறான். ஜபேல்காவ மறந்துட்டியா?”

மறக்கவில்லை. அவரைப் பற்றி ஒருகாலத்தில் கட்டுரையே எழுதியவன் நான். ஜார்ஜ் ஜபேல்கா, அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு. 1945இல் பசிபிக்கில் டினியன் தீவில் விமானப்படை சாப்ளின். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போட்ட படைப்பிரிவின் ஆட்களுக்கு அவர்தான் ஆன்மீகப் பொறுப்பு. அவர்களுக்குத் திருப்பலி நிறைவேற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். நாகசாகிக் குண்டு உராகாமி தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஜப்பானிலேயே கத்தோலிக்கர்கள் அதிகம் வாழ்ந்த பகுதியின்மேல் வெடித்தது. அந்தக் காலத்தில் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பல வருடங்கள் கழித்து, சும்மா இருந்ததுதான் தன் பாவம் என்று வெளிப்படையாகச் சொன்னார். எண்பதுகளில், அறுபது வயதைத் தாண்டிய மனிதர், சமாதான யாத்திரையாக அமெரிக்காவின் மேற்கிலிருந்து பெத்லகேம் வரைக்கும் போனார். கூடவே இருப்பது ஊழியம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவரும் கூடவேதான் இருந்தார்.

நண்பனிடம் தோற்றுப்போய் போனை வைத்தேன். ஆனால் மனம் வேறு ஓர் ஊருக்குப் போய்விட்டது.

யோங் பெங்கிலிருந்து மூவாருக்கு பஸ்ஸில் போனால் பாரிட் சுலோங் பாலத்தைக் கடக்க வேண்டும். கீழே ஓடுவது சிம்பாங் கிரி ஆறு. சின்ன வயதில் அம்மாவோடு எத்தனையோ முறை அதைத் தாண்டியிருக்கிறேன், அது என்ன இடம் என்று தெரியாமலேயே. 1942 ஜனவரியில் மூவார் சண்டையில் தோற்றுப் பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படைகள் அந்தப் பாலத்தில் மாட்டிக்கொண்டன. பாலம் ஏற்கெனவே ஜப்பானியர் கையில். தப்ப முடிந்தவர்கள் சதுப்புக்குள் இறங்கி நடந்தார்கள். நடக்க முடியாத காயக்காரர்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. ஏறக்குறைய 110 ஆஸ்திரேலியர்களும் 40 இந்தியர்களும் அங்கே கொல்லப்பட்டார்கள். செத்தவனைப்போலக் கிடந்து உயிர் தப்பிய பென் ஹாக்னி என்கிற லெப்டினன்ட் சொல்லித்தான் உலகத்துக்கே தெரியும்.

சில நாள்களுக்குள், பத்து பஹாட்டுக்குத் தெற்கே செங்காராங்கில் இதே நிலைமை. பிரிட்டிஷ் படைக்குச் சாலை அடைபட்டது, வாகனங்களை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கமாக நழுவ வேண்டும், காயம்பட்டவர்களைத் தூக்கிப் போக வழியில்லை. அங்கே ஒரு சாப்ளின் இருந்தார். நோயல் டக்வொர்த். குள்ளமான ஆள், கேம்பிரிட்ஜில் படகுப் போட்டியில் சுக்கான் பிடித்தவர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பிரிட்டன் படகுக்கும் அவர்தான். போக முடிந்தும் போக மறுத்து, சில மருத்துவப் பணியாளர்களோடு காயக்காரர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஜப்பானியர் வந்தார்கள். பாரிட் சுலோங்கில் நடந்தது அங்கே நடக்கவில்லை. அவர் இருந்ததால்தான் நடக்கவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். நான் அதை நிரூபிக்க முடியாது. வேறு அதிகாரி, வேறு மனநிலை, என்னவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் எங்கள் ஊர் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

டக்வொர்த் பிறகு கோலாலம்பூர் புடு சிறை, சாங்கி, கடைசியில் சயாம் ரயில்பாதை. 1943இல் ‘எஃப் ஃபோர்ஸ்’ என்று அனுப்பப்பட்ட 7,000 போர்க் கைதிகளில் அவரும் ஒருவர். அவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. காலரா முகாம்களில் அவர் சாகிறவர்களோடு இருந்தார். அவர் என்னைப்போலப் போரே கூடாது என்கிற ஆள் அல்ல. அதனால் அவரை என் கட்சிக்கு இழுக்க முடியாது.

அதே காட்டில்தான் என் தாத்தாவும் இருந்தார்.

அம்மாவின் அப்பா. கித்தா தோட்டத்தில் பால்வெட்டு. 1943இல் லோரி வந்தது. மூன்று மாத வேலை, சம்பளம், அரிசி என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. அதற்குமேல் எங்கள் வீட்டில் கதை கிடையாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை நான் வாங்கி வந்தபோது பாட்டி அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல அவரு பேரு இருக்கா?” என்று கேட்டது நினைவிருக்கிறது. பாட்டிக்கு எழுத்து தெரியாது. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பச்சைப் புல்வெளியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படி எதுவும் இல்லை, அவர்களின் பெயர்களை யாரும் குறித்து வைக்கவே இல்லை. கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், சாப்ளின் இருந்தார். கூலிக்கு யாருமில்லை.

இதனால் எனக்குக் கோபம்தான் வந்தது. எப்போதும் யாராவது கூட இருக்கிறவர்களுக்கே நானும் போய்க் கூட இருக்க வேண்டுமா? ஆப்கானிஸ்தானில் செத்த விவசாயிக்கு யார் சாப்ளின்?

அந்த வாரம் அம்மாவிடம் பேசினேன். எண்பத்து நான்கு வயது, யோங் பெங்கில் தங்கையோடு இருக்கிறார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டாளம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“உங்க பாட்டி யாரு கொன்னான்னு ஒரு நாளும் கேட்டதில்லப்பா. சயாமுக்குப் போயி திரும்பி வந்தவங்க யாரப் பார்த்தாலும் ஒன்னுதான் கேக்கும். அவரு சாகறப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களான்னு. யாருக்கும் தெரியல.”

“சரிம்மா. ஆனா இவங்க துப்பாக்கி வச்சிருக்கிறவங்க. அன்னைக்கு தாத்தாவ அடிச்ச ஜப்பான்காரன் மாதிரி.”

“அவனுக்கும் ஒரு சாமியாரு பக்கத்துல இருந்து, அடிக்காதடான்னு சொல்லியிருந்தா?”

அம்மா இறையியல் படித்தவர் அல்ல. இந்தக் கேள்விக்கு ஜபேல்கா ஒரு பதில், டக்வொர்த் ஒரு பதில். பக்கத்தில் இருந்தவர் சொல்லியும் இருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் இல்லாதவன் சொல்லியிருக்கவே முடியாது. இருபது வருடமாக நான் கேனிங் வேல் பக்கத்துச் சபைகளில் சொன்னதை எந்தப் படைவீரனும் கேட்டதில்லை, பின்வரிசைப் பையனைத் தவிர.

காந்தியையும் கொஞ்சம் துணைக்குத் தேடினேன், நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல. போயர் போரில் 1899இல் ஏறக்குறைய 1,100 இந்தியர்களைச் சேர்த்து ஆம்புலன்ஸ் படை அமைத்தார். அது எனக்கு வசதி. ஆனால் 1918இல் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்த்தார். அது வசதியில்லை. உடம்பு கெட்டுப் படுக்கையில் விழுந்தார், ஆளும் பெரிதாகச் சேரவில்லை. அவரே தடுமாறிய இடத்தில் நான் போய் வழி கேட்பதில் அர்த்தமில்லை என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

மனைவிதான் சரியான இடத்தில் கை வைத்தார். ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே, “நீங்க போறது அவங்களுக்காகவா, இல்ல உங்க கைய அழுக்காக்கிப் பார்க்கணும்னு ஆசையா?” என்றார். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறவர், இந்த மாதிரி ஆசைகளை நிறையப் பார்த்திருக்கிறார். இரண்டும்தான் என்றேன். “அப்ப ஒழுங்கா எழுதிக் குடுங்க, மறைக்காம” என்றார்.

மறைக்கவில்லை. போர் எதையும் என்னால் ஆசீர்வதிக்க முடியாது, வெற்றிக்காக ஜெபிக்க மாட்டேன், கேட்டால் காரணம் சொல்வேன் என்று தனித் தாளில் எழுதி இணைத்தேன். இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த மூத்த சாப்ளின், நரைத்த தலையோடு ஓர் அம்மா, என் தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

ஒரு வீரன் நாளைக்கு ஒரு நடவடிக்கைக்குக் கிளம்புகிறான், எனக்காக ஜெபியுங்கள் என்கிறான், என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

ஜெபிப்பேன் என்றேன். அவன் உயிரோடு திரும்ப வேண்டும், யாரையும் கொல்லாமல் திரும்ப வேண்டும் என்று ஜெபிப்பேன்.

அதை அவன் கேட்கும்படி ஜெபிப்பீர்களா?

ஆமாம்.

அவர் குறித்துக்கொண்டார். எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை. கிளம்பும்போது மட்டும் வாசல் வரைக்கும் வந்து, உங்களுக்கு நண்பர்கள் அதிகம் கிடைக்கமாட்டார்கள், மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடப் பழகிக்கொள்ளுங்கள் என்றார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.

மிச்சம் இருப்பது உறுதிமொழி. அதில் அரசருக்கு உண்மையாகப் பணி செய்வேன், அவருடைய எதிரிகளை எதிர்த்து நிற்பேன் என்று வருகிறது. கடவுள் பெயரால் சத்தியம் பண்ணலாம், அல்லது வெறுமனே உறுதி கூறலாம். சத்தியமே பண்ணவேண்டாம் என்று சொன்னவரின் ஊழியக்காரன் என்பதால் இரண்டாவதைத்தான் எடுப்பேன், அதில் குழப்பமில்லை. எதிரிகள் என்ற சொல்லில்தான் நாக்கு தட்டுகிறது. அந்தச் சொல்லுக்கு எனக்குத் தோதான அர்த்தத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு வாயால் சொல்லிவிடலாம் என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொன்னார். அப்படிச் செய்ய விருப்பமில்லை. சொன்னால் அந்தச் சொல்லின் முழு அர்த்தத்தோடுதான் சொல்ல வேண்டும், பிறகு அதற்கு எதிராகத் தினமும் நடந்துகொள்ள வேண்டும். ஈப்போ நண்பன் இதைப் பித்தலாட்டம் என்கிறான். அவன் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரமாக அவன் என் போனை எடுப்பதுமில்லை.

பின்வரிசைப் பையனிடம் சொன்னேன். “நான் இருந்தப்ப வந்திருக்கலாம்ல” என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்தான், ஈஸ்டரும் இல்லை கிறிஸ்துமஸும் இல்லை.

அம்மாவுக்கு நேற்று போன் போட்டுத் தேதியைச் சொன்னேன்.

“துப்பாக்கி குடுப்பாங்களா?”

“நான் சண்ட போடக்கூடாதும்மா. சட்டமே அப்படித்தான்.”

“லீவு குடுப்பாங்களா? ஆடி அமாவாசைக்கு வரணும்.”

தாத்தா செத்த தேதி தெரியாது என்பதால் பாட்டி ஆடி அமாவாசையில்தான் படையல் போடும். அப்பாவைக் கட்டிக்கொண்டு சபையில் சேர்ந்த பிறகும் அம்மா அந்த ஒரு நாளை விடவில்லை. நான் போதகரானதிலிருந்து அன்றைக்கு வாசல் திண்ணையோடு நின்றுவிடுவேன், உள்ளே போனதில்லை.

வர்றேன்மா என்றேன்.

“இந்தத் தடவ உள்ள வந்து உக்காருய்யா” என்றார்.